கொட்டாப்புளி

கொட்டாப்புளி என்பது உளியைத் தட்டவும் முளை அறையவும் பயன்படும் மரச் சுத்தியல் ஆகும். கடினமான புளியங்கட்டை இதற்கு ஏற்றது.

பொறியும் வெடிமருந்தும்

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசியைச் சுற்றிப் பட்டாசு ஆலைகள் பல உள்ளன. இரும்புக் கருவி கல்லிலோ மற்றோர் இரும்பிலோ மோதும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் பெயர்ந்து காற்றில் எரிகின்றன. இதுவே பொறி எனப்படுகிறது. வெடிமருந்தைப் பற்றவைக்க ஒரு பொறியே போதும். ஆகவே மருந்து கையாளும் அறைகளில் மரம், பித்தளை, செம்பு ஆகியவற்றாலான கருவிகளே பாதுகாப்பானவை. இந்தியாவில் இத்தொழிலை வெடிபொருள் விதிகள், 2008 நெறிப்படுத்துகின்றன. எனினும் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை, பொறி இன்றியே அடியாலும் உராய்வாலும் வெடிக்கக்கூடும். எனவே மரக்கருவி ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றிலும் நீக்காது.

கூடாரம் அமைத்தலில்

இம்மாவட்டத்தின் கரிசல் மண் கோடையில் காய்ந்து இறுகிவிடும். கூடார முளை கையால் அழுத்தினால் இறங்காது. மோட்டார் சைக்கிளில் செல்வோருக்குக் குறுகிய கைப்பிடியுடைய சிறு கொட்டாப்புளி உகந்தது. அது பையில் அடங்கும்; இரும்புச் சுத்தியலைப் போல அலுமினிய முளையின் தலையை நசுக்காது. ஆனால் எடை குறையக் குறைய அடியின் வலுவும் குறையும். கல்லால் அறைந்தால் முளை வளையலாம். கற்சில்லு தெறித்துக் கண்ணில் படவும் கூடும்.