சும்மா இருப்பது சுகமாகுமா?

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழன்பர்களுள் பொன்முடிக்குச் சென்று வராதவர் சிலரே இருப்பர். விதுரையைக் கடந்து, மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்குமுன், வண்டியை நிறுத்தி நாம் இளைப்பாறும் இடம் கல்லாறு. கற்களின்மேல் ஓடும் தெளிந்த நீரைக் கண்டு மகிழ்கின்றோம், மேலே சென்றுவிடுகின்றோம். ஆயினும், அக்காட்டினுள் நாம் அறிந்துகொள்ளத்தக்க வாழ்க்கை ஒன்று உண்டு.

அங்குள்ள காணிக்காரர் குடியிருப்பைச் சேர்ந்தவர் இலட்சுமிக்குட்டியம்மா. 1950களில், மலைவாழ் மக்களின் பெண்கள் பள்ளி செல்வது அரிதாயிருந்த காலத்தில், காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து சென்று கற்றவர் அவர். பேறு பார்க்கும் மருத்துவச்சியாய் இருந்த தம் தாயாரிடம் மூலிகை அறிவைப் பெற்றார். 1995ஆம் ஆண்டு கேரள அரசு அவருக்கு நாட்டுவைத்திய ரத்தினம் என்னும் விருதளித்தது. 2018ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஏறத்தாழ 500 மருந்து முறைகளை ஏட்டின் துணையின்றி நினைவிலிருந்தே சொல்ல வல்லவர் என்று அவரைப் போற்றினர். அப்போது அவருக்கு வயது 70ஐக் கடந்திருந்தது.

அவருடைய மருந்துகளை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவருடைய நாள் எவ்வாறு கழிந்தது என்பதையே நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மூலிகை தேடி நடந்தார். கற்றதை நாள்தோறும் நினைவுகூர்ந்தார். நாடி வந்தோரிடம் உரையாடினார். மாணவர்க்குக் கற்பித்தார், பாடல்களும் புனைந்தார். ஒருவருடைய வாழ்க்கையை மட்டும் கொண்டு பொதுவிதி வகுத்தல் முறையன்று. ஆனால், இன்றைய மருத்துவ ஆராய்ச்சியும் ஏறக்குறைய இவ்வழியையே காட்டுகின்றது.

மூளை நம் உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. எனினும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 விழுக்காட்டை அதுவே பெறுகின்றது. அவ்வாற்றலைக் கொண்டு சேர்ப்பவை மெல்லிய இரத்தக் குழாய்கள். இரத்த அழுத்தமும் நீரிழிவும் புகைப்பழக்கமும் அக்குழாய்களைக் கெடுக்கின்றன. ஆகவே, இதயத்துக்கு நன்மை செய்வது மூளைக்கும் நன்மை செய்யும் எனலாம்.

பின்லாந்து நாட்டில் 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரைக் கொண்டு ஈராண்டு நடந்த ஆய்வின் முடிவு 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. நல்லுணவு, உடற்பயிற்சி, அறிவுப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகிய நான்கையும் ஒருங்கே பெற்றவர்கள், பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட அறிவாற்றலில் மேம்பட்டிருந்தனர். 2024ஆம் ஆண்டு லான்செட் ஆய்வுக்குழு, மறதிநோய்க்கு இடமளிக்கும் 14 காரணங்களைத் தொகுத்துரைத்தது. காது கேளாமை, பார்வைக்குறை, தனிமை, உடலுழைப்பின்மை ஆகியவையும் அவற்றுள் அடங்கும். இவை அனைத்தையும் நீக்கக்கூடுமாயின், நோயாளருள் 45 விழுக்காட்டினர்க்கு அந்நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் மதிப்பீடு. எஞ்சியவற்றுள் முதுமைக்கும் மரபுக்கும் பங்குண்டு. ஆதலால் நோயுற்றவரைப் பழித்தல் தகாது.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். ஊரில் தனித்திருக்கும் தாயை நகரத்துக்கு அழைத்து வருகின்றோம். அங்கே அவர் முற்றம் பெருக்கிக் கோலமிட்டார். பால் கணக்கை மனத்திலேயே வைத்திருந்தார். கடைத்தெருவில் பத்துப் பேரிடம் பேசினார். இங்கே நாம் சொல்வது என்ன? "அம்மா, நீங்கள் சும்மா இருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கின்றோம். அன்பினால் சொல்லும் சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லாலேயே அவருடைய நடையும் கணக்கும் பேச்சும் போய்விடுகின்றன.

என் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. வந்த ஓராண்டுக்குள் என் தாயார் கேட்டதையே மீண்டும் கேட்கலானார். முதுமை என்று எண்ணி வாளாவிருந்தோம். பின்னர் மருத்துவர் சோதித்தபோது, காது மந்தமாயிருப்பதும் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதும் தெரிந்தன. மருந்தும் காதுக்கருவியும் தந்தார். "அவருக்கு ஏதேனும் வேலை கொடுங்கள்" என்றும் சொன்னார். அன்று முதல் கீரையும் காயும் வாங்குவது அம்மாவின் பொறுப்பாயிற்று. மறதி முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் முகத்தில் தெளிவு வந்தது. எங்கள் பேச்சில் மீண்டும் கலந்துகொண்டார்.

நாம் செய்யத்தக்கவை எளியவையே. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம் சற்று விரைந்து நடத்தல் நன்று. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் அடங்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. ஊறுகாயும் அப்பளமும் அக்கணக்கில் சேரும். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் காலந்தவறாது சோதித்தல் வேண்டும். கண்ணும் காதும் மங்கினால், "வயதாயிற்று" என்று விட்டுவிடலாகாது. புகையும் மதுவும் விலக்கத்தக்கவை. இரவில் நன்கு உறங்குதல் வேண்டும். திடீரெனத் தடுமாற்றமோ பேச்சுக் குழறலோ கண்டால், ஒரு கணமும் தாழ்த்தாது மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

பிறமொழி வழங்கும் நாட்டில் வாழும் நமக்கு அறிவுப்பயிற்சியும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நம் பெற்றோர் பலருக்கு மலையாள எழுத்து தெரியாது. இருவரையும் மாலையில் ஒரு பலகைமுன் அமர்த்துவோம். பாட்டி அகரம் கற்பிக்கட்டும். பேரன் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுக்கட்டும். என் தாயார் இப்போது கிழக்கேகோட்டை என்று மலையாளத்தில் எழுதியிருப்பதைத் தாமே படித்துப் பேருந்தில் ஏறுகின்றார்.

அன்பர்களே! "சும்மா இருங்கள்" என்று இனிச் சொல்லாதிருப்போம். "அம்மா, இதை எனக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கேட்போமாக.