38 வருடம் கழித்துச் சந்தித்த தோழிகள்!

சிவபெருமான் ஒரு சிரிப்புச் சிரித்தார். மூன்று கோட்டைகள் எரிந்து சாம்பலாயின!

இந்தப் புராணக் கதை நடந்த இடம் திருவதிகை. பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலம் ஆற்றங்கரையில் இருக்கிறது.

அந்த ஊரில் ஒரு திண்ணை. பாட்டி ஒருவர் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டு இருந்தார். கொட்டையின் எண்ணெய் பட்டு, விரலெல்லாம் கறுத்துப் போயிருந்தது.

பேச்சுவாக்கில் சிறு வயதுத் தோழியைப் பற்றிச் சொன்னார்.

"ரெண்டு பேரும் கெடிலத்துல ஒண்ணாத்தான் குளிப்போம். அவளுக்குக் கல்யாணம் ஆச்சு, போனா. அதோட சரி!"

ஆண்களின் சிநேகம் டீக்கடையில் 60 வயது வரை நடக்கிறது. பெண்களின் சிநேகமோ பெரும்பாலும் தாலி ஏறியதும் முடிந்துவிடுகிறது.

இதை வைத்து ஒரு தமிழ்ப் படம் வந்தது. பெயர் "மகளிர் மட்டும்". ஆண்டு 2017. டைரக்டர் பிரம்மா.

மூன்று மாணவிகள். ஹாஸ்டலில் இருந்து நழுவி சினிமாவுக்குப் போகிறார்கள். மாட்டிக்கொள்கிறார்கள். பிரிகிறார்கள். பிறகு ஒருத்திக்கு ஆண்கள் நிறைந்த வீட்டின் அடுப்படி. இன்னொருத்திக்குக் குடிகாரக் கணவன். 38 வருடம் ஓடிவிடுகிறது.

அவர்களைச் சேர்த்து வைப்பவள் யார்? தோழிகளில் ஒருத்திக்கு மருமகளாக வரப் போகிறவள்! அந்த வேடத்தில் ஜோதிகா. தோழிகளாக ஊர்வசி, பானுப்ரியா, சரண்யா.

பிணமாக நாகேஷ்

இதே பெயரில் 1994-லும் ஒரு படம் வந்தது. அதிலும் ஊர்வசி உண்டு! கூட ரேவதி, ரோகிணி. கமல்ஹாசன் தயாரிப்பு. டைரக்டர் சிங்கீதம் சீனிவாசராவ். வசனம் கிரேசி மோகன்.

ஆபீசில் பெண்களிடம் வாலாட்டும் மானேஜர். அவன் செத்தே போனான் என்று பயந்து, வேறொரு பிணத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள் மூவரும். பிணமாக நடித்தவர் நாகேஷ்! 1980-ல் வந்த "நைன் டு பைவ்" என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் அது.

2017 படத்தில் பிரசங்கம் கொஞ்சம் அதிகம். 1994 படம் சிரிக்க வைத்தே மானேஜர்களின் மானத்தை வாங்கிவிட்டது. திருவதிகைச் சிரிப்பு!

பிரெஞ்சுத் தோழிகள்

அதே 1994-ல் பிரெஞ்சு நாட்டிலும் ஒரு படம் வந்தது. பெயர் "மினா டானன்பாம்". எடுத்தவர் மார்ட்டின் டுகோசன் என்ற பெண்மணி.

பாரீஸ் நகரில் ஒரே நாளில் பிறந்த இரண்டு பெண்கள். மினா சோடாபுட்டிக் கண்ணாடி. எத்தல் குண்டு. கேலிக்கு ஆளான இருவரும் உயிர்த் தோழிகள் ஆகிறார்கள். வளர்கிறார்கள். ஒருத்தி ஓவியம் தீட்டுகிறாள். மற்றவள் பத்திரிகையில் எழுதுகிறாள். அங்கே பிரிப்பது கல்யாணம் அல்ல. பொறாமை! சிரிப்பும் கும்மாளமுமாகப் போகும் கதையில், முடிவில் மினா தற்கொலை செய்துகொள்கிறாள்.

பாட்டியிடம் இந்தக் கதையைச் சொல்லவில்லை. தமிழ்க் கதையை மட்டும் சொன்னோம். உடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மூணு பேரும் சேர்ந்துட்டாங்களா?"

"சேர்ந்துவிட்டார்கள், பாட்டி."

நம் கையில் இருந்த செல்போனைப் பார்த்தார்.

"என் சிநேகிதி பேரை அதுல போட்டா வருமா? அவ புருஷன் ஊரு எனக்குத் தெரியாதே!"