கோட்டைக்குள்ளே ஒரு குடும்பம்!

தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக லக்ஸம்பர்க் போய் வந்தேன். அம்மா இருந்தால் அவள்தான் போயிருப்பாள். அவள் தவறி ஆறு வருஷமாகிறது. மூத்தவள் நான்தானே! சுக்கு, பூண்டு, பிரசவ மருந்துப் பொடி, பழைய வேட்டித் துணி என்று ஒரு பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் தங்கைதான் சரியாக இல்லை. காரணமில்லாமல் அழுவாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்கமாட்டாள். "அம்மா இருந்தா இப்படி இருக்குமாக்கா?" என்று ஒரே கேள்வி. டாக்டரம்மா பார்த்து, ஆறுதலாகப் பேசி, மருந்தும் கொடுத்து, "வெளியில் கொஞ்சம் அழைத்துப் போங்கள்" என்றார். குழந்தைக்கு ஐம்பது நாளானதும் மாப்பிள்ளை எங்களை க்ளெர்வோ என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப் போனார். அந்த நாட்டில் 2020லிருந்து ரயில், பஸ் எதற்கும் டிக்கெட்டே கிடையாது, தெரியுமோ? (முதல் வகுப்புக்கு மட்டும்தான் காசு.) எனக்கு அதுவே பெரிய அதிசயம்!

மேட்டின் மேல் வெள்ளை வெளேரென்று ஒரு கோட்டை. 1944 டிசம்பரில் நடந்த சண்டையில் எரிந்து பாழாகி, பிறகு திரும்பக் கட்டியதாம். அந்தச் சண்டையின் ஞாபகமாக ஒரு பழைய டாங்கியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டி உள்ளே போனால் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். ராஜா ராணி படமில்லை. உங்களையும் என்னையும் போன்றவர்களின் படங்கள்.

'மனிதக் குடும்பம்' என்று இந்தக் கண்காட்சிக்குப் பெயர். எட்வர்ட் ஸ்டைகன் என்பவர் 1955ல் நியூயார்க்கில் முதலில் வைத்தார். 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். ஸ்டைகன் லக்ஸம்பர்க்கில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். அவருடைய அம்மா தொப்பிக் கடை நடத்தி வந்தாராம். சின்ன வயதில் ஒரு யூதப் பையனைப் பார்த்து ஸ்டைகன் ஏதோ இழிவாகக் கத்த, அம்மா வியாபாரத்தை அப்படியே விட்டுவிட்டு மகனை மாடிக்கு அழைத்துப் போய், மனுஷாள் எல்லோரும் ஒன்றுதான் என்று வெகு நேரம் எடுத்துச் சொன்னாராம். கண்காட்சிக்கு விதை அங்கே விழுந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். அடி கொடுக்காமல் உட்கார வைத்துப் பேசிய அந்த அம்மாளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

இரண்டு உலக யுத்தங்களிலும் படமெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். யுத்தக் கோரங்களைப் படமாகக் காட்டினால் சண்டை மேல் வெறுப்பு வரும் என்று நம்பினார். ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், வருத்தப்பட்டார்கள், வீட்டுக்குப் போய் மறந்தார்கள். அதனால்தான் காதல், கல்யாணம், பிள்ளைப்பேறு, உழைப்பு, சோறு, சாவு என்று எல்லோருக்கும் பொதுவானதைக் காட்டலாமென்று யோசனை மாறியது. இந்தியா உள்பட உலகமெல்லாம் சுற்றி, 90 லட்சம் பேருக்கு மேல் பார்த்த பிறகு, 1994லிருந்து இந்தக் கோட்டையில் நிரந்தரமாக இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி' படத்துக் காட்சி ஒன்றும் இதில் உண்டு.

ஒரு பிரசவப் படம் இருக்கிறது. டாக்டர் கையில் தலைகீழாகத் தொங்கும் சிசு, தொப்புள்கொடி அறுக்கவில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது, இரண்டு பெற்றவளாக இருந்தும்! பிறகு மாப்பிள்ளை சொன்னார்: படமெடுத்த வேய்ன் மில்லர்தான் குழந்தையின் அப்பா. பிரசவம் பார்த்த டாக்டர், தாத்தா! கூச்சமெல்லாம் போய், இன்னொரு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன்.

தங்கை வேறொரு படத்தின் முன்னால் நின்றுவிட்டாள். தோளில் முகம் புதைத்த இரண்டு குழந்தைகள், மடியில் ஒன்று, நடுவில் கன்னத்தில் கை வைத்த தாய். டொரதியா லாங் 1936ல் கலிஃபோர்னியாவில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் எடுத்தது. அந்தத் தாய்க்கு அப்போது 32 வயதுதான். என் தங்கைக்கும் அதே வயது. பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

கண்காட்சியில் படத்தின் கீழே எடுத்தவர் பேரும் நாட்டின் பேரும்தான். படத்தில் இருப்பவர் பேர் கிடையாது. இந்தத் தாய் யாரென்று 1978ல்தான் வெளியே தெரிந்தது. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்ஸன். உலகமெல்லாம் அச்சான தன் முகத்தால் தனக்குச் சல்லிக்காசு வரவில்லை என்று அவருக்கு மனவருத்தம். இருக்காதா பின்னே? எல்லோரும் ஒரே குடும்பம் என்று சொல்வது அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் குடும்பத்தில் யார் சாப்பிட்டார், யார் பட்டினி கிடந்தார் என்று கேட்க வேண்டாமா? இதே குறையை அந்தக் காலத்திலேயே சிலர் சொல்லியிருக்கிறார்களாம். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஆனாலும் படங்களை விட்டு நகர மனசு வரவில்லை.

"அவளும் தூங்கலை போலிருக்கேக்கா," என்றாள் தங்கை. பல நாளாக அவள் வேறொருத்தியைப் பற்றிப் பேசியே நான் கேட்கவில்லை. அப்புறம், "நம்ம அம்மா இப்படி நம்மளை மடியில் வச்சிருக்கிற போட்டோ ஏதாவது இருக்கா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். கல்யாண குரூப் போட்டோவில் யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னால் பாதி முகம். ரேஷன் கார்டில் தபால்தலை அளவு. அவ்வளவுதான். அடுப்படியில், கிணற்றடியில், எங்கள் தலையில் பேன் பார்த்தபடி இருந்த அம்மாவை யாரும் எடுக்கவில்லை. அதையெல்லாம் போய் யார் எடுப்பார்கள்!

கண்காட்சி முடிகிற இடத்தில் இரண்டு குழந்தைகள் கைகோத்து இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடக்கிறார்கள். யூஜின் ஸ்மித் யுத்தத்தில் படுகாயப்பட்டு, பலமுறை ஆபரேஷன் ஆகி, இனி கேமராவைத் தொட முடியுமோ என்றிருந்த நிலையில் 1946ல் தன் பிள்ளைகளையே எடுத்தாராம்.

திரும்பி வரும் ரயிலில் குழந்தைக்குப் பசி. தங்கை துப்பட்டாவைப் போர்த்திப் பால் கொடுத்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் விழுந்தது. மெள்ள மொபைலை எடுத்து ஒரு கிளிக்!

"ஐயோ, தலைகூட வாரலையேக்கா!" என்று சிணுங்கினாள். அழிக்கச் சொல்லவில்லை.