சென்னை தீம் பார்க் ட்ரிப்: ரூம் சீப்பா கிடைச்சிருச்சா? புக் பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

பள்ளி லீவு விட்டாச்சு. "எப்போப்பா கூட்டிட்டுப் போவ?" என்ற கேள்வி வீட்டில் தினமும் ஓடிக்கொண்டிருக்கும். மதுரை, நெல்லை, திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருந்து சென்னை தீம் பார்க்குகளுக்கு வரும் குடும்பங்கள் முதலில் பார்ப்பது பார்க் டிக்கெட் விலையை. அடுத்து ஆப்பைத் திறந்து, 'விலை குறைவு முதலில்' என்று வரிசைப்படுத்தி, மேலே வரும் ரூமை புக் செய்துவிடுகிறார்கள். செலவு எகிறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

ஏன் அப்படி? சென்னைக்கு எந்த வேலையாக வந்தாலும் எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணி பக்கம் ரூம் போடுவது நம்ம ஊர்க்காரர்களின் பல வருஷப் பழக்கம். ஆஸ்பத்திரி, கல்யாண ஷாப்பிங் என்றால் அது சரி. ஆனால் தீம் பார்க்குகள் அங்கே இல்லை. விஜிபி ஈசிஆரில் ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. எம்ஜிஎம் அதே சாலையில் இன்னும் தெற்கே, முட்டுக்காட்டில். குயின்ஸ்லேண்ட் பூந்தமல்லியைத் தாண்டி, செம்பரம்பாக்கம் பக்கம். 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா, ஓஎம்ஆரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில். எழும்பூரில் இருந்து திருப்போரூருக்கு 40 கி.மீ.க்கு மேல் போக வேண்டும். மெட்ரோ வேலை நடக்கும் ஓஎம்ஆரில் காலை நேரத்தில் அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சென்னைக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள்.

சீப் ரூம் எப்படி காஸ்ட்லி ஆகிறது?

ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். (இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட தொகைகள்தான், இன்றைய கட்டணம் இல்லை.) அப்பா, அம்மா, 12 வயசுப் பையன், 6 வயசுப் பொண்ணு, கூட பாட்டி. மொத்தம் ஐந்து பேர். எழும்பூரில் ரூ.1,500க்கு டபுள் ரூம் கிடைக்கிறது. ஐந்து பேருக்கு ஒரு ரூம் தர மாட்டார்கள் என்பதால் ரெண்டு ரூம், ரூ.3,000. அங்கிருந்து திருப்போரூர் போக கேப். சாதாரண கேப்பில் நாலு பேருக்குத்தான் இடம். ஐந்து பேர் என்றால் பெரிய வண்டி போட வேண்டும். போக ரூ.1,500, வர ரூ.1,500. ஆக மொத்தம் ரூ.6,000.

அதே குடும்பம் கேளம்பாக்கத்தில் ரூ.3,200க்கு ஒரு ஃபேமிலி ரூம் எடுக்கிறது. எக்ஸ்ட்ரா மெத்தைக்கு ரூ.500. பார்க்குக்கு ரெண்டு ஆட்டோ, போக வர சேர்த்து ரூ.1,000. மொத்தம் ரூ.4,700. ஆப்பில் பார்க்கும்போது 1,500 ரூபாய் ரூம் சீப்பாகவும், 3,200 ரூபாய் ரூம் காஸ்ட்லியாகவும் தெரிந்தது. கடைசியில் எழும்பூருக்கு ரூ.1,300 கூடுதலாகப் போயிருக்கும். ரைடில் ஆடிக் களைத்துத் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவு டிராஃபிக்கில் திரும்பும் கஷ்டம் இந்தக் கணக்கில் வராது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள ரூம்களுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆப்பில் முதலில் காட்டும் விலையில் வரி இருக்காது. பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில்தான் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் வந்து உட்காரும். ரெண்டு ரூம்களை ஒப்பிடும்போது அந்தக் கடைசித் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

எந்த பார்க்குக்கு எங்கே தங்கலாம்?

விஜிபி மட்டும்தான் பிளான் என்றால் ரொம்ப யோசிக்க வேண்டாம். திருவான்மியூர், அடையாறு பக்கம் தங்கினாலே போதும். கடற்கரை–வேளச்சேரி பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கி, அங்கிருந்து ஈசிஆர் பஸ் பிடிக்கலாம். குயின்ஸ்லேண்ட் என்றால் பூந்தமல்லி, அதிகபட்சம் கோயம்பேடு.

எம்ஜிஎம், வொண்டர்லா போகிறவர்கள்தான் நன்றாக யோசிக்க வேண்டும். இவர்களுக்கு மூணு வழி இருக்கிறது.

முதலாவது தாம்பரம், வண்டலூர் பக்கம். தென்மாவட்ட ரயில்கள் பெரும்பாலும் தாம்பரத்தில் நிற்கும். அரசு விரைவுப் பேருந்துகளும் ஆம்னி பஸ்களும் கிளாம்பாக்கத்தில் வந்து நிற்கின்றன. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை வழியாக ஓஎம்ஆருக்குப் போய்விடலாம், சென்னைக்குள் நுழையவே தேவையில்லை. தாம்பரம்–மாமல்லபுரம் 515 பஸ் இந்த வழியில்தான் போகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்து என்றால் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. பாட்டிக்கும் அம்மாவுக்கும் செலவு மிச்சம். செங்கல்பட்டில் ரயில் நின்றால் அங்கே இறங்கி திருப்போரூருக்கு பஸ் பிடிப்பதும் ஒரு வழி.

இரண்டாவது கேளம்பாக்கம், நாவலூர், சிறுசேரி. இது ஐடி ஏரியா. இங்கே உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட்களும் சின்ன ஓட்டல்களும் கம்பெனி வேலையாக வருபவர்களை நம்பி நடப்பவை. திங்கள் முதல் வெள்ளி வரை ஆள் இருக்கும், சனி, ஞாயிறு காலியாக இருக்கும். அதனால் வார இறுதியில் நேராக போன் செய்து கேட்டால் குறைத்துத் தர வாய்ப்பு அதிகம். சர்வீஸ் அபார்ட்மென்ட் என்றால் ஹால், சின்ன கிச்சன், சில இடங்களில் வாஷிங் மெஷின்கூட இருக்கும். குழந்தைக்குப் பால் காய்ச்ச, பாட்டிக்கு ரெண்டு இட்லி ஊற்றிக் கொடுக்க அது போதும்.

மூன்றாவது மாமல்லபுரம். திருப்போரூரில் இருந்து சுமார் 15 கி.மீ. சின்ன லாட்ஜ், ஹோம்ஸ்டே முதல் பெரிய ரிசார்ட் வரை எல்லா ரேஞ்சிலும் ரூம் இருக்கும் ஊர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டலும் இருக்கிறது, அதன் இணையதளத்திலேயே புக் செய்யலாம். மறுநாள் ஐந்து ரதம், அர்ச்சுனன் தபசு எல்லாம் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம். ஆனால் ஓஎம்ஆருக்கு நேர் எதிரான கதை இங்கே. வார நாட்களில் பேரம் பேசலாம், சனிக்கிழமை ஆனால் சென்னையே வந்து இறங்கும், வாடகையும் ஏறிவிடும். சுருக்கமாகச் சொன்னால், வார நாளில் வந்தால் மாமல்லபுரம், வார இறுதியில் வந்தால் ஓஎம்ஆர் பக்கம் முதலில் விசாரியுங்கள்.

திருப்போரூரிலேயே தங்கினால் என்ன? தாராளமாகத் தங்கலாம், பார்க்குக்கு அதுதான் பக்கம். ஆனால் காலண்டரை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடுங்கள். கந்தசாமி கோயிலில் முகூர்த்த நாட்களில் கல்யாணங்கள் வரிசையாக நடக்கும். அன்றைக்கு அந்த ஊர் லாட்ஜ்களில் மாப்பிள்ளை வீடும் பொண்ணு வீடும்தான் இருப்பார்கள். கிருத்திகையிலும் கூட்டம்தான்.

காலை 5 மணிக்கு வந்து இறங்கினால்?

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். தெற்கே இருந்து வரும் இரவு ரயில்கள் நிறைய அதிகாலையில் தாம்பரம் வந்துவிடும். ஆப்பில் புக் செய்யும் ஓட்டல்களில் செக்-இன் பெரும்பாலும் பகல் 12 மணிக்கு, செக்-அவுட் மறுநாள் 11 மணிக்கு. காலை 5 மணிக்குப் போய் நின்றால் "ரூம் ரெடி இல்ல சார், அரை நாள் வாடகை கொடுங்க" என்பார்கள். நம்ம ஊர் லாட்ஜ்களில் பலவற்றில் இன்னும் 24 மணி நேர முறை இருக்கிறது. எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்களோ, மறுநாள் அதே மணிக்குக் காலி செய்தால் போதும். காலையில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இது பெரிய லாபம். ஆப்பில் இது தெரியாது, போனில்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். பார்க்குக்குப் போகும் நாளில் காலை 10 மணி முதல் மாலை வரை ரூம் சும்மாதான் பூட்டிக் கிடக்கப் போகிறது. உங்களுக்குத் தேவை ஒரு குளியல், ஒரு ராத்திரித் தூக்கம். காலை வந்து 24 மணி நேர லாட்ஜில் குளித்துவிட்டு பார்க் போய், இரவு தூங்கி, அதிகாலையில் காலி செய்தால் ஒரு நாள் வாடகையோடு முடிந்தது. மாறாக, முதல் நாள் மாலை வந்து தூங்கி, மறுநாள் பார்க் முடித்து அன்றிரவே ரயில் ஏறுவது என்றால் பையை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். செக்-அவுட் செய்த பிறகும் ரிசப்ஷனில் பை வைத்துக்கொள்ள விடுவார்களா என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ரயிலில் திரும்புபவர்களுக்கு எழும்பூர், சென்ட்ரலில் க்ளோக் ரூம் உண்டு. பை பூட்டியிருக்க வேண்டும், டிக்கெட் காட்ட வேண்டும். சில மணி நேரம் படுத்து எழ மட்டும்தான் வேண்டும் என்றால், உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆரை வைத்து ஸ்டேஷன் ஓய்வறையை ஆன்லைனில் புக் செய்யலாம். ஆனால் லீவு சீசனில் கடைசி நேரத்தில் கிடைப்பது கஷ்டம்.

'ஃபேமிலி ரூம்' என்றால் என்ன?

இதற்கு எந்த இலக்கணமும் கிடையாது. ஒரு ஓட்டலில் ரெண்டு டபுள் கட்டில், இன்னொன்றில் ஒரு கட்டிலும் தரையில் ஒரு மெத்தையும். எங்கள் வீட்டில் ஒரு தடவை போட்டோவைப் பார்த்து நம்பிப் போய், முழங்கால் வலி உள்ள பாட்டியைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு மற்ற நாலு பேரும் தரையில் கிடந்தோம். அதுவும் மூணாவது மாடி, லிஃப்ட் இல்லை. கேட்காமல் விட்டது எங்கள் தப்பு!

அதனால் போனில் இதையெல்லாம் கேளுங்கள்: கட்டில் எத்தனை, எக்ஸ்ட்ரா பெட் கட்டிலா மெத்தையா, அதற்கு எவ்வளவு? குழந்தைக்கு எத்தனை வயசு வரை இலவசம்? ஆப்பில் 'ரெண்டு பேர்' என்று மட்டும் போட்டு புக் செய்துவிட்டு ஐந்து பேராகப் போய் நின்றால், கவுன்டரில் சொல்வதுதான் ரேட். லிஃப்ட் இருக்கா? வெந்நீர் எப்போது வரும்? பல லாட்ஜ்களில் காலை ரெண்டு மூணு மணி நேரம்தான் விடுவார்கள். வாட்டர் ரைடில் நனைந்து நடுங்கி மாலையில் வரும் குழந்தைக்கு அப்போது பாத்ரூமில் கீசர் வேண்டும். ஈரத்துணி காயப்போட பால்கனியோ மொட்டை மாடிக் கொடியோ இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லாவிட்டால் ஐந்து பேரின் ஈரத்துணியை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஊர்வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

சாப்பாட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச் சாப்பாட்டைப் பெரும்பாலான பார்க்குகளில் உள்ளே விட மாட்டார்கள். மதியம் உள்ளேதான் செலவு. காலை டிபனும் இரவுச் சாப்பாடும் நம் கையில் இருக்கிறது. நடந்து போகும் தூரத்தில் மெஸ் இருக்கும் லாட்ஜ், தனியாக ஒதுங்கி நிற்கும் ஓட்டலைவிட எவ்வளவோ மேல்.

ரெண்டு மூணு குடும்பம் சேர்ந்து வந்தால்?

எட்டு, பத்து பேர் என்றால் ஈசிஆரில் வீடாகவே எடுப்பது தலைக்குக் கணக்குப் பார்த்தால் குறையலாம். ஆனால் முன்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்ப வரும், கேஸுக்கும் சுத்தம் செய்வதற்கும் தனிக் காசா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நீச்சல் குளம் இருக்கும் வீடு என்றால் பெரியவர்கள் யாராவது ஒருவர் குழந்தைகள் மேல் கண் வைத்தபடியே இருக்க வேண்டும். இந்த வீடுகளில் உயிர்காப்பு ஆட்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். பக்கத்தில் கடல் இருக்கிறதே என்று குழந்தைகளைக் குளிக்க இறக்கிவிடாதீர்கள். மாமல்லபுரம், கோவளம் பக்கம் அலை இழுப்பு அதிகம்.

பணம் கட்டும்போது உஷார்!

சீசன் வந்தால் போலி ஓட்டல் நம்பர்களும் வந்துவிடும். தேடலில் கிடைத்த நம்பருக்கு அழைத்தால், "இன்னும் ஒரு ரூம்தான் இருக்கு சார், முழுப் பணமும் இப்பவே போடுங்க" என்று க்யூஆர் கோடு அனுப்புவார்கள். யுபிஐயில் பெயர் ஓட்டல் பெயராக வராமல் யாரோ தனிநபர் பெயராக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பணத்தைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லி பின் நம்பரைப் போடச் சொன்னால் அது கண்டிப்பாக மோசடி. பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை.

ஆப்பில் 'கேன்சல் செய்தால் பணம் திரும்ப வராது' என்ற ரூம்தான் எப்போதும் சில நூறு ரூபாய் குறைவாக இருக்கும். குழந்தைகளோடு போகும் ட்ரிப்பில் முந்தின நாள் காய்ச்சல் வருவது சகஜம். அந்தச் சில நூறைக் கூடக் கொடுத்து, கேன்சல் செய்ய முடிகிற ரூமையே எடுங்கள். அடையாள அட்டை எல்லாப் பெரியவர்களும் வைத்திருக்க வேண்டும். ஆதார் நகல் கேட்டால் எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதாரை' டவுன்லோடு செய்து கொடுக்கலாம்.

புக் செய்த ரூமைத் தராமல் ஓட்டல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பணத்தைப் போலி ஆளிடம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.