எத்தனை பர்சென்ட் வந்தது? (ஆய்வும் அறமும் – 9)

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியதும் ஆய்வாளர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது இதைத்தான்: "உனக்கு எத்தனை பர்சென்ட் வந்தது?"

இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறை. பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகச் சுட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் நன்றியுரையும் இந்தக் கணக்கில் சேராது.

விதி தேவைதான். ஆனால் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுமதி தந்துவிட்டதைப் போல நம் வளாகங்களில் ஒரு எண்ணம் பரவியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. இந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் மென்பொருள் சொற்களின் ஒப்புமையைத்தான் எண்ணுகிறது. எடுத்த கருத்து யாருடையது என்று அதற்குத் தெரியாது. 'முக்கியமான' என்பதை 'இன்றியமையாத' என்று மாற்றி, வாக்கியத்தை முன்பின்னாகத் திருப்பிப் போட்டால் எண் இறங்கிவிடும். திருட்டு அப்படியேதான் இருக்கும். ஆங்கில நூலிலிருந்து பத்தி பத்தியாகத் தமிழாக்கி, பெயர் சொல்லாமல் சேர்த்தால் பெரும்பாலும் எண் ஏறவே ஏறாது. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஏடாக இருந்தால் மென்பொருளுக்கு அது தமிழாகவே தெரிவதில்லை. தமிழில் ஆய்வு செய்பவர்களுக்கு ஒற்றைச் சதவீதத்தில் அறிக்கை வந்தாலும் அது நற்சான்று ஆகாது.

பிறர் எழுத்தைத் தமதாகக் காட்டுவது எதில் போய் முடியும் என்பதற்கு ஜெர்மனியில் நடந்ததைப் பார்ப்போம். 2011 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் குட்டன்பெர்க்கின் சட்ட ஆய்வேட்டில் பிறர் எழுத்து கலந்திருப்பதைப் பிரேமன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். உடனே இணையத்தில் தன்னார்வலர்கள் கூடிப் பக்கம் பக்கமாகத் தேடினார்கள். முன்னுரையின் முதல் பத்தியே ஒரு நாளிதழ்க் கட்டுரையிலிருந்து வந்திருந்தது. அந்த மாதமே பைராய்ட் பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது. மார்ச் 1 அன்று அமைச்சர் பதவி விலகினார். ஆண்டுக்கணக்கில் எண்பது வட்டுகளிலும் பல கணினிகளிலும் குறிப்புகள் சிதறிக் கிடந்தன, எது யாருடையது என்ற கணக்கு தவறிவிட்டது என்று பின்னர் அவர் விளக்கம் சொன்னார். பல்கலைக்கழகக் குழுவோ, அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்றே முடிவுசெய்திருந்தது.

இன்னும் நுட்பமானது கல்வி, ஆராய்ச்சித் துறை அமைச்சராக இருந்த ஷாவானின் வழக்கு. 1980இல் எழுதிய ஆய்வேட்டுக்காக 2013இல் ட்யூசல்டார்ஃப் பல்கலைக்கழகம் அவருடைய முனைவர் பட்டத்தைப் பறித்தது. மூலநூல்களைப் பற்றிப் பிறர் எழுதிய விளக்கங்களை, தாமே மூலத்தைப் படித்து எழுதியதுபோல் அவர் காட்டியிருந்தார் என்பது முதன்மையான குற்றச்சாட்டு. ஏமாற்றும் நோக்கம் தனக்கு இல்லை என்றார் அவர். நீதிமன்றத்தில் அவருடைய வழக்கு தோற்றது.

மூலத்தைப் படிக்காமலே படித்ததுபோல் காட்டும் இந்தப் பழக்கம் நம்மிடம் இல்லையா? தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் திறந்தே பார்க்காமல், வேறொருவர் நூலில் கண்ட மேற்கோளை எடுத்து, அடிக்குறிப்பில் இளம்பூரணரின் பெயரையும் பக்க எண்ணையும் மட்டும் போடுகிறோம். இடையில் உழைத்தவர் மறைந்துபோகிறார். அவர் பக்க எண்ணைத் தவறாகப் போட்டிருந்தால் அந்தத் தவறும் ஏடு விட்டு ஏடு பயணம் போகிறது.

இதற்கான மருந்து குறிப்பெடுக்கும் மேசையில்தான் இருக்கிறது. இன்னொருவர் வரியை எழுதும் அந்த நொடியிலேயே மேற்கோள்குறியும் பக்க எண்ணும் போட்டுவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாண்டு கழித்து அது உங்கள் வரியாகவே கண்ணுக்குத் தெரியும். உங்கள் சொந்த யோசனைக்கு வேறு மையைப் பயன்படுத்துங்கள். ஒரு கருத்தை உங்கள் நடையில் சொல்ல விரும்பினால் நூலை மூடிவைத்துவிட்டு எழுதுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். நடை உங்களுடையதானாலும் கருத்துக்கு உரியவர் பெயர் அங்கே இருக்க வேண்டும். மூலத்தைப் பார்க்க வாய்க்கவில்லையென்றால் எந்த நூலின் வழியாக எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். நெறியாளர்களும் இறுதி ஏட்டை மட்டும் கேட்காமல் ஆண்டுக்கு ஒருமுறையாவது குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.