கேட்டாலே குற்றம்

மன்னார் மாவட்டத்து முள்ளிக்குளத்தில் பிறந்த ஒருவர் தன் காணியைத் தன் காணி என்று காட்டுவதற்கு ஒரு கட்டுத் தாள் வேண்டும். பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், அது தகப்பன் பெயரில் இருந்தால் அவருடைய மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் உறுதிக் கடிதம், அதற்கு மேல் பிரதேச செயலகத்தின் ஒப்பம். 2007 செப்டெம்பரில் எங்களை வெளியேறச் சொன்னபோது பிள்ளைகளையும் கைக்கு அகப்பட்ட உடுப்புகளையும் எடுத்துக்கொண்டுதான் நடந்தோம். அலுமாரியைத் திறந்து பத்திரம் தேடுகிற நேரமா அது? பிறகு ஊர் கடற்படைத் தளமாகிவிட்டது. 2017 மார்ச் 23 தொடங்கி 38 நாள் வீதியோரத்தில் இருந்து போராடினோம். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அதற்குப் பிறகும் எங்களில் பலருக்கு, இடம்பெயர்ந்து தங்கிய மலங்காடும் காயாக்குழியும்தான் முகவரி. தொலைந்த தாள்களைத் திரும்ப எடுக்கிற வேலையும் முடிந்தபாடில்லை.

இலஞ்சம் முளைப்பதற்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. தாள் இல்லாதவருக்கு அலுவலகம் கட்டாயம் வேண்டும். அலுவலகத்துக்கோ அவரைக் கவனிக்க அவசரமில்லை. "சேர் லீவு, அடுத்த கிழமை வாங்கோ" என்ற ஒரு வசனத்துக்கு ஒரு நாள் தொழிலும் பஸ் காசும் போய்விடும். இப்படி நாலைந்து தரம் அலைந்தவரிடம் யாராவது மெல்லக் காசு கேட்டால், அதையே உதவி என்று நினைக்கிற மனநிலைக்கு அவர் வந்துவிடுவார்.

மீனவர் சங்கத்தில் கணக்கு எழுதப் பழகிய நான், பிறகு ஊர்ச் சனத்துக்கு விண்ணப்பமும் மேன்முறையீடும் எழுதிக் கொடுக்கிறவளாகிவிட்டேன். அந்த வேலையில்தான் ஊழல் எதிர்ப்புச் சட்டத்தை வரி வரியாக வாசிக்க வேண்டி வந்தது. அதில் எங்கள் சனத்துக்குப் பயன்படுவது என்ன, சட்டம் எங்கே தடுக்கி விழுகிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

"குடுக்கட்டோ அக்கா?"

கணவனை இழந்த ஒரு தங்கச்சி ஒரு நாள் பின்னேரம் வந்தாள். காணிப் பத்திரத்தின் பிரதிக்காக ஓர் அலுவலகத்துக்கு மாதக்கணக்காக நடந்துகொண்டிருந்தவள்.

"அக்கா, பைல் மேல போறதுக்குச் செலவு இருக்காம். ஐயாயிரம் கேக்கினம். குடுக்கட்டோ?"

"என்ன செலவு எண்டு கேட்டனீயோ? பற்றுச்சீட்டு தருவினமாமோ?"

"அதெல்லாம் கேக்கேலுமோ? கோவிச்சா பைலை அடியில வைச்சிடுவார்."

அவள் பயந்தது ஒரு மேசைக்கு. எங்கள் பக்கத்தில் பெரும்பாலான ஊழல் இந்த அளவில்தான் நடக்கிறது. பத்திரிகையில் வராது, ஐயாயிரத்தோடு முடிந்துவிடும். ஆனால் அந்த ஐயாயிரத்தை அவள் கடன்பட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

இலங்கையின் இலஞ்சச் சட்டம் பழையது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், சேர் ஜோன் கொத்தலாவல பிரதமராக இருந்த காலத்தில் வந்தது. 1994இல் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலஞ்சம் அல்லது ஊழல் பற்றிய சார்த்துதல்களைப் புலனாய்வு செய்வதற்கான ஆணைக்குழு உருவானது. சனம் இதைச் சுருக்கமாக இலஞ்ச ஊழல் ஆணைக்குழு என்கிறது. 2023இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் பழைய சட்டங்களை ஒன்றாக்கிப் பலப்படுத்தி, அந்த ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஆணைக்குழுவின் மூன்று உறுப்பினர்களையும் அரசியலமைப்புப் பேரவையின் பரிந்துரையில் ஜனாதிபதி நியமிக்கிறார். யாரும் முறைப்பாடு செய்யாவிட்டாலும் ஆணைக்குழு தானாகவே ஒரு விசாரணையைத் தொடங்கலாம்.

அந்தத் தங்கச்சிக்கு நான் முதலில் விளங்கப்படுத்தியது ஒன்றைத்தான். காசு கைமாறினால்தான் குற்றம் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. செய்ய வேண்டிய வேலையைச் செய்வதற்கு ஒரு பகிரங்க ஊழியர் காசையோ வேறு நன்மையையோ கேட்ட உடனேயே குற்றம் முடிந்துவிடுகிறது. அவள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டார். தண்டனை 10 ஆண்டு வரையான சிறையும் 10 இலட்சம் ரூபா வரையான தண்டமும்.

இரண்டாவது விஷயம் கசப்பானது. கொடுப்பவரும் குற்றவாளி. "நான் ஏலாமல்தானே குடுத்தன்" என்று பிறகு சொல்வதில் பெரிய பாதுகாப்பு இல்லை. ஆகவே கொடுப்பதற்கு முன்பே முறைப்பாடு செய்ய வேண்டும். அப்படி முறைப்பாடு வந்தால் ஆணைக்குழு அதிகாரிகள் சுற்றிவளைப்பு ஒன்றைத் திட்டமிடுவார்கள். நோட்டு இலக்கங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, முறைப்பாட்டாளரோடு உறவுக்காரர்போல ஓர் அதிகாரியையும் அனுப்பி, காசு கைமாறுகிற நேரத்தில் பிடிப்பார்கள்.

மூன்றாவது, எங்கள் பெண்கள் கட்டாயம் அறிய வேண்டியது. பாலியல் இலஞ்சத்தை 2023ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாகப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. போருக்குப் பிறகு வடக்கில் வீடு, காணி, வாழ்வாதாரம், காணாமற்போனவர் பற்றிய கடிதம் என்று எதற்கெடுத்தாலும் பெண்கள்தான் அலுவலகம் ஏறி இறங்கினார்கள். காசில்லாத பெண்ணிடம் என்ன கேட்கப்பட்டது என்பது ஊருக்குள் எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்ல எவராலும் முடியவில்லை. இன்று "இது குற்றம், இதற்குச் சட்டத்தில் பெயர் இருக்கிறது" என்று ஒரு பெண்ணிடம் நிமிர்ந்து சொல்ல முடிகிறது. தகவல் கொடுப்பவரையும் சாட்சியையும் பாதுகாக்கிற ஏற்பாடுகளும், அவர்களைப் பழிவாங்குவோருக்கு எதிரான ஏற்பாடுகளும் அதே சட்டத்தில் உண்டு.

பெரிய கதிரைகள்

"இதெல்லாம் சின்ன ஆக்களுக்குத்தான், பெரிய ஆக்களைத் தொடுவினமோ?" என்று சனம் கேட்கும். தொட்டிருக்கிறார்கள். 2018 மே 3ஆம் திகதி, அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் பணிக்குழாம் பிரதானி ஐ.எச்.கே. மஹாநாமவும் அரச மரக் கூட்டுத்தாபனத் தலைவர் பி. திசாநாயக்கவும் கொழும்பில் ஒரு ஹோட்டல் வாகனத் தரிப்பிடத்தில் கைதானார்கள். கந்தளாய் சீனித் தொழிற்சாலை தொடர்பாக இந்திய முதலீட்டாளர் ஒருவரிடமிருந்து 2 கோடி ரூபா வாங்கும்போது ஆணைக்குழு பிடித்தது. 2019 டிசம்பரில் முதலாமவருக்கு 20 ஆண்டும் மற்றவருக்கு 12 ஆண்டும் சிறை விதிக்கப்பட்டது. மஹாநாம அதற்கு முன் காணி அமைச்சின் செயலாளராக இருந்தவர். ஒரு காணித் துண்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிற எங்களுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரித்தான் பட்டது.

2025இல் தீர்ப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரலில், எரிபொருள் கொடுப்பனவில் 26 இலட்சம் ரூபா அளவில் முறைகேடு செய்ததற்காக வட மத்திய மாகாண முன்னாள் முதலமைச்சர் எஸ்.எம். ரஞ்சித்துக்கும் அவருடைய அந்தரங்கச் செயலாளராக இருந்தவருக்கும் 16 ஆண்டுச் சிறை. மே 29ஆம் திகதி, முன்னாள் அமைச்சர்கள் மஹிந்தானந்த அளுத்கமகேக்கு 20 ஆண்டும் நளின் பெர்னாண்டோவுக்கு 25 ஆண்டும். 2015 ஜனாதிபதித் தேர்தல் காலத்தில் விளையாட்டுக் கழகங்களுக்குக் கொடுப்பதற்கென்று அரச வர்த்தக நிறுவனமான சதொச மூலம் 14,000 கரம் பலகைகளையும் 11,000 தாம் பலகைகளையும் இறக்குமதி செய்து, அரசுக்கு 5 கோடி ரூபாவுக்கு மேல் நட்டம் ஏற்படுத்திய வழக்கு அது. இலஞ்சம் வேறு, ஊழல் வேறு என்பது இந்த வழக்கில் நன்றாகத் தெரிகிறது. யாரிடமும் கைநீட்டி வாங்காவிட்டாலும், பதவியின் அதிகாரத்தைப் பயன்படுத்தி அரசுக்கு நட்டத்தையோ இன்னொருவருக்கு முறைகேடான நன்மையையோ ஏற்படுத்தினால் அது ஊழல்.

அதே நாட்டில் இதற்கு எதிர்மாறானதும் நடந்தது. 2020க்குப் பிந்திய காலத்தில், அரசியல்வாதிகளுக்கு எதிராக ஆணைக்குழு தொடுத்த பல வழக்குகள் திரும்பப் பெறப்பட்டன. வழக்குத் தொடுக்க மூன்று உறுப்பினர்களும் எழுத்து மூலம் கொடுக்க வேண்டிய அனுமதி முறையாக இல்லை என்பது பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணம். ஆண்டுக்கணக்கான விசாரணை ஒரு கையொப்பக் குறைபாட்டில் நின்றுபோனது. ஒரு முத்திரை குறைந்ததற்காக எங்கள் சனத்தைத் திருப்பி அனுப்புகிற அரசாங்கம், தன் வழக்குக்குத் தேவையான தாளைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை. நான் இதை ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

ஊழலால் சேர்த்த சொத்தை அரசுடைமையாக்க 2025ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்திருக்கிறது. ஜனாதிபதி, பாராளுமன்ற உறுப்பினர்கள் தொடங்கி உயர் அதிகாரிகள் வரை சொத்து விபரம் கொடுக்க வேண்டும். அவற்றைப் பொதுமக்களும் பார்க்கலாம். சட்டம் போதாது என்று இனிச் சொல்ல முடியாது. அதைப் பிடிக்கிற கை உறுதியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

ஒரு பக்கக் கடிதம்

தங்கச்சி முறைப்பாட்டுக்கு இணங்கவில்லை. "பிள்ளைகளோட தனிய இருக்கிறன் அக்கா" என்றாள். அவளை வற்புறுத்த எனக்கு உரிமை இல்லை. காசு கொடுக்காமல், சண்டையும் பிடிக்காமல் போக இன்னொரு வழி இருந்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம்.

ஒரு பக்கத்தில் நாலு கேள்வி எழுதினோம். இந்தத் திகதியில் கொடுத்த விண்ணப்பம் இப்போது எந்த உத்தியோகத்தரிடம் இருக்கிறது? அவரிடம் எந்தத் திகதியில் வந்தது? இந்தச் சேவைக்கு அரசு விதித்த கட்டணம் எவ்வளவு? முடிக்க எத்தனை நாள் என்று விதி இருக்கிறது? யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஏன் கேட்கிறோம் என்று காரணம் காட்டவும் தேவையில்லை. சட்டம் அதைக் கேட்பதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும், தகவல் அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். விண்ணப்பத்தைப் பெற்றதற்குக் கையோடு எழுத்தில் அத்தாட்சி கொடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

பதில் வந்தது. விண்ணப்பம் கொடுத்த கிழமையிலிருந்தே பைல் ஒரே உத்தியோகத்தரிடம் கிடந்திருக்கிறது. "செலவு" என்ற பேச்சே அந்தக் கடிதத்தில் இல்லை. அதற்குப் பிறகு அவளுக்குப் பிரதி கிடைத்தது, ஒரு சதமும் மேலதிகமாகக் கொடுக்காமல். ஆனால் கேட்டவர் தன் கதிரையில்தான் இருக்கிறார். அடுத்த பெண்ணிடம் கேட்கமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. தகவல் உரிமை ஒருவருடைய வேலையை முடித்துக் கொடுக்கும். கேட்டவரை நிறுத்துவதற்கு முறைப்பாடு வேண்டும்.

முறைப்பாட்டுக்கு எழுத வேண்டியது

ஆணைக்குழுவின் தொலைபேசி இலக்கம் 1954. முதல் சட்டம் வந்த ஆண்டும் அதுதான். நினைவில் வைக்க எளிது. கடிதமும் எழுதலாம், தமிழிலேயே. கேட்டவரின் பெயர் தெரியாவிட்டால் பதவியும் அவர் இருக்கும் இடமும் போதும். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த வேலைக்காக, எவ்வளவு, என்ன வார்த்தையில் கேட்டார், பக்கத்தில் யார் நின்றார்கள் என்பதை அன்றைக்கே ஒரு கொப்பியில் குறித்துவிடுங்கள். விண்ணப்பங்களின் பிரதி, பெறுகைக் கடிதம், தொலைபேசிச் செய்தி எதையும் எறியாதீர்கள். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரிந்துகொண்டே பொய் முறைப்பாடு செய்வதும் குற்றம்.

ஆனால் பாரம் முழுவதையும் சனத்தின் தலையில் வைப்பது நியாயமில்லை. ஆணைக்குழுவின் தலைமையகம் கொழும்பு 7இல் இருக்கிறது. மன்னார் நகரத்திலிருந்தே அது 300 கிலோமீற்றருக்கு மேல். தனியாக வாழ்கிற ஒரு பெண், யார் வருவார், எப்போது வருவார், பிறகு தன்னை யார் பாதுகாப்பார் என்று தெரியாமல் எப்படி முறைப்பாடு செய்வாள்? ஆணைக்குழுவின் தமிழ் பேசும் அதிகாரிகள், பெண் அதிகாரிகளும் சேர்த்து, ஒரு கால அட்டவணை வைத்து முசலிக்கும் சிலாவத்துறைக்கும் வந்து இருக்க வேண்டும். அலுவலகக் கட்டடத்தில் வேண்டாம். கோவில் மண்டபத்திலோ பள்ளிவாசல் முற்றத்திலோ வந்து இருந்தால் சனம் வரும். ஒவ்வொரு அலுவலக வாசலிலும் எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், யார் பொறுப்பு என்று தமிழில் எழுதி, அதன் கீழே 1954 என்றும் போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு பலகையும் ஒரு பஸ் பயணமும் போதும்.

அதுவரைக்கும் எங்கள் சங்கக் கூட்டங்களில் நான் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். யாராவது "செலவு" என்று சொன்னால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். காசு கொடுக்க முன் என்னைப் போன்ற ஒருவரிடம் வாருங்கள். உத்தியோகத்தர் காசு கேட்ட நிமிடத்தோடு குற்றம் அவருடையதாகிவிட்டது. கொடுத்து அதில் பங்காளியாகிவிடாதீர்கள்.