தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள்!

"அரை மாத்திரைதானே... அது இல்லாம கண்ணே மூட மாட்டேங்குது!" உங்கள் வீட்டு அப்பாவோ மாமியாரோ இப்படிச் சொல்கிறாரா? டாக்டர் என்றைக்கோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த அல்பிரசோலம், வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். சீட்டு எப்போதோ கிழிந்து போயிருக்கும். 2014 முதல் இது 'ஹெச் 1' பட்டியலில் உள்ள மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனால், கடைக்காரர்தான் நமக்குத் தெரிந்தவராச்சே!

மூளையில் 'காபா' என்று ஒரு ரசாயனம் உண்டு. நரம்பு செல்களின் பரபரப்பை அடக்கும் பிரேக் அதுதான். மாத்திரை அந்த பிரேக்குக்கு பலம் சேர்க்கிறது. படபடப்பு அடங்கி, கண் சொருகுகிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்குமா? தன் சொந்த பிரேக்கைத் தளர்த்திக்கொள்கிறது. அப்புறம் அரை மாத்திரை போதாது, ஒன்று வேண்டும். பகலில் மந்தம், மறதி. 'வயசாச்சு' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். ராத்திரி பாத்ரூம் போகையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவதற்கும் இது காரணமாகலாம்.

இதைப் படித்ததும் அட்டையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஆபத்தே அங்கேதான்! பிரேக் தளர்ந்த மூளை கட்டுப்பாடில்லாமல் ஓடும். கை நடுங்கும், வியர்க்கும், சிலருக்கு வலிப்பே வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம்.

இன்னொன்று. வேறு எதற்காகவோ ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது, சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.